சில்லில் ஒரு பிழையும் இல்லை

காலையில் என் சைக்கிள் கடையின் பலகைகளைக் கழற்றிக்கொண்டு நின்றபோது கலா வந்தாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நடந்து வந்தாள். காலில் செருப்பு இல்லை. அதைக் கண்டவுடனேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“மாமா, அம்மா போயிட்டா.”

“மோகன் சாப்பிட்டவனோ?” என்றுதான் என் வாயில் வந்தது. தாயை இழந்து வந்து நிற்கிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கலா கோபிக்கவில்லை. “இல்லை மாமா, தீத்தினாலும் வாய் திறக்கிறான் இல்லை” என்று சொல்லிவிட்டு, அங்கேயே வாசல் கல்லில் இருந்து அழத் தொடங்கினாள்.

கலாவின் தாய் திலகவதியை உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று மாதமாக அவருக்கு நெஞ்சில் நோ. கிளினிக்குக்குப் போன இடத்தில், நாலு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் நின்று பார்க்க வேணும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். “அடுத்த கிழமை வாறன் ஐயா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னார். வீட்டில் மோகன். அவருடைய மூத்த பிள்ளை, முப்பத்தெட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை பழுதுபட்டு, நடக்க ஏலாது, கதைக்க ஏலாது. மற்றபடி எல்லாம் விளங்கும். நாலு நாளைக்கு அவனை ஆரிடம் விடுவது? கலா கலியாணம் முடித்து லிங்கநகரில் இருக்கிறாள், விடிந்தால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போக வேணும். கலா என்னிடம் வந்த அன்று விடியற்காலை, குசினியில் தேத்தண்ணி வைக்கப் போன இடத்தில் திலகம் விழுந்தார். மோகன் கட்டிலில் கிடந்தபடி கத்தியிருக்கிறான். அயலவர்கள் ஓடி வந்தால் கதவு உட்பக்கம் பூட்டு. உடைத்துக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் சொல்ல வேணும் என்று கலா கேட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். திலகம் அரசாங்கக் கச்சேரிக்கு மனுக் கொடுக்கப் போனது, பஸ்ஸை மறித்தது, சக்கரக் கதிரையில் இருக்கிற பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்து வாசலில் படியை உடைப்பித்தது எல்லாவற்றையும் அவர் நடத்திய தாய்மார் கூட்டத்தில் இருந்தவர்கள் இந்த மலரில் சொல்லுவார்கள். நான் சொல்லப்போவது என் வீட்டில் நடந்தது. அதைச் சொல்லுவதென்றால் என் பிழையைச் சொல்லாமல் ஏலாது.

முதல் முறை அவர் என் கடைக்கு வந்தது மோகனின் சக்கரக் கதிரையோடுதான். வாய்க்கால் மூடிக்குள் முன்சில்லு இறங்கி வளைந்துபோயிருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த நல்ல கதிரை. ஆனால் அந்தச் சின்னச் சில்லு எங்கள் மணலுக்கும் கிரவலுக்கும் செய்தது இல்லை. “இதைக் கழட்ட வேணும் பிள்ளை, மகனை இறக்குங்கோ” என்றேன். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. நான் போய்த் தூக்கினேன்.

எல்லோரும் இப்படிப்பட்ட பிள்ளையைக் கமுக்கட்டில் பிடித்துத்தான் தூக்குவார்கள். அப்படித் தூக்கினால் உடம்பு விறைத்து வில்லாகிவிடும். நான் ஒரு கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்து, மற்றக் கையால் முழங்காலை மடித்து நெஞ்சோடு சேர்த்து, அந்த இழுப்பு விடும்வரை பொறுத்திருந்து தூக்கினேன். சாக்கில் கிடத்தி, ஒரு பக்க இடுப்புக்குக் கீழே துணியை மடித்து வைத்தேன். பிறகு சில்லைக் கழற்றக் குந்தினேன்.

திலகம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, உங்கட வீட்டில ஆர்?”

“மனுசியும் நானும்.”

“நான் அதைக் கேக்கேல்ல.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. சில்லைத் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் போகும்போது கடைக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் இளைய மகள் ராணி இருந்தாள். மோகனைப் போன்ற பிள்ளை. அப்போது அவளுக்கு இருபது வயது. அந்த அறையை விட்டு அவள் கடைசியாக வெளியே வந்து ஆறு வருடம்.

சண்டையில் இடம்பெயர்ந்து, மூன்று முகாம் மாறி, கடைசியில்தான் துறைமுகப் பக்கம் இந்த ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தோம். இங்கே எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. விதானையார் அரசாங்கப் பதிவுக்காக வீடு வீடாக வந்தபோது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூத்தவள் வசந்திக்குக் கலியாண வயது. என் மனைவி பாக்கியம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஒரு பொம்பிளைப் பிள்ளை” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீட்டிய கடதாசியில் பெருவிரலை வைத்து அமத்தினேன். விதானையார் போன பிறகு பாக்கியம் சொன்னாள்: “வசந்தியின்ர காரியம் முடியட்டும். தங்கச்சி இப்பிடி எண்டு தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான். முடிஞ்ச கையோட இவளையும் பதிவம்.” எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

வசந்திக்குத் திரியாயில் இருந்து மாப்பிள்ளை வந்தது. வயல் செய்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். பெண் பார்க்க வந்தபோது ராணியை அறைக்குள் விட்டு, வானொலியைச் சத்தமாக வைத்தோம். கலியாணம் முடிந்தது. “முடிஞ்ச கையோட” என்றோமே, அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் வசந்தியின் வாழ்க்கை என்னாவது? மருமகனுக்கே தெரியாது. சம்பந்தி வீட்டார் வந்தால் வானொலி, பண்டிகை என்றால் வானொலி. ஒருநாள் பேரன் அந்தக் கதவில் கையை வைத்து, “அம்மப்பா, இதுக்குள்ள என்ன?” என்று கேட்டான்.

“சாமான்” என்றேன்.

கலா இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுது பிள்ளை என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை திலகம் திரும்பவும் வந்தார். பின்சில்லின் நட் கழன்றிருக்கிறதாம். இறுக்கிக் கொடுத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை கால் வைக்கிற தகடு ஆடுகிறதாம். பிறகு பிரேக். பிறகு திரும்பவும் அதே நட். நாற்பது வருடமாகச் சைக்கிள் பார்க்கிறவன் நான். நான் இறுக்கிய நட் தானாகக் கழலாது.

“பிள்ளை, இந்த நட்டை ஆர் கழட்டுறது?”

“எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது எண்டோ நினைக்கிறீங்கள்?”

வெட்கமில்லாமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் நான் கவனியாமல் விட்டது, மோகன் கதிரையில் இருந்த மணியை அடித்துக்கொண்டிருந்ததை. அவனுக்கு அந்த மணி விருப்பம். அடித்துவிட்டு, தொண்டைக்குள் இருந்து ஒரு நீட்டுச் சத்தம் போடுவான். அன்றைக்கும் போட்டான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அதே மாதிரி ஒரு சத்தம் வந்தது. மோகன் கழுத்தைத் திருப்பி, இன்னொன்று போட்டான். அங்கிருந்தும் வந்தது.

நான் சுத்தியலை எடுத்து, தேவையில்லாமல் ஒரு பழைய கம்பியை அடித்தேன். ஓங்கி ஓங்கி அடித்தேன். திலகம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அடிக்காதேங்கோ அண்ணை. அவை ரெண்டு பேரும் கதைக்கினம்.”

அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் உள்ளிருந்து வந்தாள். கும்பிட்ட கையோடு வந்தாள். “தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனி இஞ்ச வராதேங்கோ. என்ர மூத்தவளின்ர வாழ்க்கை இதில இருக்கு.” எல்லாவற்றையும் அழுது அழுது சொன்னாள். திலகம் ஒன்றும் குறுக்கே கதைக்காமல் கேட்டார். கேட்டு முடித்து, “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அக்கா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லுறதெண்டா நீங்கள்தான் சொல்ல வேணும்” என்றார். நான்கு வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றினார். தன் மகள் கலாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அதை இன்றைக்கு எழுதும்போதுதான் கலா அறிகிறாள்.

வராதே என்று சொன்ன பாக்கியமே பிறகு திலகத்தின் முற்றத்துக்குப் போகத் தொடங்கினாள். மாதத்தில் முதல் சனிக்கிழமை அங்கே தாய்மார் கூட்டம். கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து சித்தி பாத்துமா என்ற தாய் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். நிலாவெளியில் இருந்து வருவார்கள். பாக்கியம் தனியாகப் போய் ஒரு ஓரத்தில் இருப்பாள். கேட்டவர்களுக்கு, “தேத்தண்ணி ஊத்த வந்தனான்” என்பாளாம். திலகம் ஒருநாளும் அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை.

ஒருமுறை மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டம் என்று ஓர் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. போனால், கூட்டம் மேல்மாடியில். படிதான், வேறு வழி இல்லை. சக்கரக் கதிரைகளைத் தூக்க என்னைப் போல நாலு ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோகனின் கதிரையில் கையை வைத்தேன். “விடுங்கோ அண்ணை” என்றார் திலகம். மேலே இருந்து ஒரு அதிகாரி எட்டிப் பார்த்து, “ஏன் அம்மா நிக்கிறீங்கள்? ஏறி வாங்கோ, நேரம் போகுது” என்றார்.

“நாங்கள் ஏறமாட்டம் ஐயா. உங்களுக்கு இறங்க ஏலும்தானே?”

சித்தி பாத்துமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிகாரி அரை மணித்தியாலம் யோசித்தார். பிறகு கதிரையும் மேசையுமாக இறங்கி வந்தார். சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டிலுக்குள்தான் கூட்டம் நடந்தது. அவருடைய சட்டை வியர்வையில் ஊறிவிட்டது. திலகம் அவருக்குத் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதரும் வாங்கிக் குடித்தார்.

வெளியில் இப்படி நின்ற மனுசி, தனக்கென்று ஓர் இடமும் போக ஏலாமல் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். மோகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போனார். அதற்குப் பிறகு ஒரு நாளும் திலகம் தன் வீட்டை விட்டு வேறு வீட்டில் படுத்ததில்லை. ஒருமுறை நிலாவெளியில் தமக்கையின் மகளுக்குக் கலியாணம் என்று மோகனையும் கொண்டு போனார். பத்தரை மணிக்குப் போனவர் மதியப் பஸ்ஸிலேயே திரும்பி வந்து என் கடை வாசலில் இறங்கினார். கலியாணச் சேலை, தலையில் பூ. சாப்பிட்டிருக்கவில்லை.

“என்ன பிள்ளை, தாலி கட்டியாச்சோ?”

“கட்டியிருப்பினம். மோகனுக்குச் சனத்துக்குள்ள கஷ்டமா இருக்கும் எண்டு எங்களைப் பின்னறைக்குள்ள விட்டவை. படம் எடுக்கிற நேரம் கதவைச் சாத்திப் போட்டினம்.” பூவைக் கழற்றி மோகனின் கையில் கொடுத்தார். “கெட்ட ஆக்கள் இல்லை அண்ணை. காத்துப் படட்டும் எண்டு ஃபானும் போட்டுத்தான் சாத்தினவை.”

எனக்குப் படட்டும் என்று சொன்னாரா, நடந்ததைத்தான் சொன்னாரா தெரியாது. என் ராணியின் அறையிலும் ஃபான் இருந்தது. நான்தான் பூட்டிக் கொடுத்திருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு பாக்கியம் இறந்தாள். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். திரியாயில் இருந்து வசந்தி, மருமகன், சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள். வசந்தி பிரேதத்தில் விழுந்து அழுதுவிட்டு எழும்பி, முதல் வேலையாக என்னைக் குசினிக்குள் இழுத்தாள். “அப்பா, கதவு பூட்டியிருக்கோ? திறப்பு எங்க?” திறப்பு என் இடுப்பில் இருந்தது. “அங்கேயே இருக்கட்டும்” என்றாள். ஒலிபெருக்கியில் தேவாரம் போட்டோம். ராணியின் சத்தம் அதற்குள் அமிழ்ந்துபோனது.

திலகம் மோகனோடு வந்து ஒரு பக்கமாக இருந்தார். கிரியை தொடங்கியபோது ஒலிபெருக்கியை நிற்பாட்டினார்கள். “பிள்ளையள், பேரப்பிள்ளையள் வாய்க்கரிசி போட வாங்கோ” என்று ஐயர் கூப்பிட்டார். வசந்தி போட்டாள். பேரன் போட்டான். “வேற பிள்ளையள் இருக்கினமோ?” என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அப்போது மோகன் சத்தம் போட்டான். அறைக்குள் இருந்து ராணி பதில் சொன்னாள். சனம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கணமே வசந்தி தலையில் அடித்துக்கொண்டு, “என்ர அம்மா” என்று ஓங்கிக் குரல் எடுத்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அழுகை முழுவதும் தாய்க்காகத்தான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கும் திலகத்துக்கும்தான் தெரியும். திலகம் மட்டும் அழவில்லை. வாய் திறக்கவும் இல்லை. சொல்லமாட்டேன் என்று சொன்னவர் அல்லவா?

பாடையைத் தூக்க ஆம்பிளைகள் குனிந்தார்கள். நான் மூச்சு விட்டேன். இன்னும் பத்து நிமிடம். பிரேதம் வாசல் படலை தாண்டினால் எல்லாம் முடிந்துவிடும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். அதை நினைத்த மனிதன்தான் இதைச் சொல்லுகிறேன்.

படலையில் வழி இல்லை. திலகம் மோகனின் கதிரையைக் குறுக்கே நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றார்.

“தள்ளுங்கோ அம்மா, பிரேதம் வருகுது” என்றார் ஒருவர்.

“சில்லு சுத்துதில்லைத் தம்பி. என்ன பிழையோ தெரியேல்ல. அண்ணைதான் வந்து பாக்க வேணும்.”

“இந்த நேரத்திலயோ? தூக்கி வைப்பம், விடுங்கோ.”

“தொடாதேங்கோ. பிள்ளைக்கு இழுப்பு வந்திடும். அண்ணை வரட்டும்.”

சனம் முணுமுணுத்தது. “இவவுக்கு நேரம் காலம் தெரியாது” என்று சம்பந்தி வீட்டுப் பெண் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் போய்க் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன். சில்லில் ஒரு பிழையும் இல்லை. பிரேக் போட்டிருந்தது. நான் போட்டுக் கொடுத்த பிரேக்.

திலகம் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். “நான் ஒண்டும் சொல்லேல்ல அண்ணை. ஆனா பாக்கியம் அக்கா வெளிக்கிட்டிட்டா. திரும்பி வரமாட்டா.”

கை பிரேக்கில் இருந்தது. அதைத் தட்டி விட்டால் பாடை போய்விடும். முன்னால் பாடை, பின்னால் சனம். எழும்பியபோது, கால் தானாக அறைப் பக்கம் போனது. வசந்தி ஓடி வந்து என் முன்னால் நின்றாள். “அப்பா, வேண்டாம்! உங்களைக் கும்பிடுறன்.” அவளை விலத்தி, கதவைத் திறந்தேன். ராணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த வெயிலில் அவளுக்குக் கண் கூசியது.

“பாடையை இறக்குங்கோ” என்றேன். “என்ர இளைய மகள் வாய்க்கரிசி போட வேணும்.”

அரிசியை அவளுடைய கைக்குள் வைத்தேன். அவளுடைய விரல்கள் சொன்னவுடன் திறக்கிற விரல்கள் இல்லை. தாயின் முகத்துக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஐயர் பொறுத்திருந்தார். சனமும் நின்றது. கன நேரத்துக்குப் பிறகு அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அரிசி பாக்கியத்தின் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்தது. வாயில் ஒரு மணியாவது விழுந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது படலையில் வழி விட்டிருந்தது.

சம்பந்தியார் ஒரே ஒரு சொல்தான் கேட்டார். “எங்களுக்கு ஏன் சொல்லேல்ல?” சொல்லியிருந்தால் நாங்கள் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம் என்று கேட்பதுபோல இருந்தது. சுடலைவரை வந்தார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வராமலே திரியாய்க்குப் போனார்கள். வசந்தியும் போனாள். மருமகன் அவளைக் கைவிடவில்லை, நன்றாகத்தான் வைத்திருக்கிறார் என்று கேள்வி. ஆனால் எட்டு வருடமாக அவள் என் படலையை மிதிக்கவில்லை. இந்த மலர் திரியாய்க்கும் போகும். வசந்தி, உன்னைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உன் தலையில் அந்தப் பொய்யை ஏற்றிவிட்டது உன்னுடைய தாயும் நானும்.

எட்டாம் நாள் திலகம் வந்தார். எனக்கு வந்த கோபம் எல்லாவற்றையும் அவர் மேல் கொட்டினேன். “ஒரு பிள்ளையை வெளியில எடுக்க மற்றப் பிள்ளையை என்னட்ட இருந்து பறிச்சுப் போட்டீங்கள். சந்தோஷமோ?” என்றேன். இன்னும் கேவலமாகவும் சொன்னேன்.

“ஓம் அண்ணை, என்னாலதான்” என்றார். “சுடுதண்ணி வைச்சிருக்கிறீங்களோ? பாக்கியம் அக்கா இல்லை. பொம்பிளைப் பிள்ளையை ஆர் குளிப்பாட்டுறது?”

அன்று தொடங்கி எட்டு வருடம். மோகனைத் தள்ளிக்கொண்டு பத்து மணிக்கு வருவார். ராணியைக் குளிப்பாட்டி, தலை இழுத்து வாரி, முற்றத்தில் மோகனுக்குப் பக்கத்தில் இருத்துவார். ராணியைப் பதிவு செய்ய என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். புது விதானையார், “இவ்வளவு காலமும் இவ எங்க இருந்தவ?” என்று கேட்டார். “வீட்டிலதான் இருந்தவ. நீங்கள்தான் வந்து பாக்கேல்ல” என்றார் திலகம். விதானையார் கடதாசியை எடுத்தார்.

ஒரு மழை நாள், போக ஏலாமல் என் கடைக்குள் ஒதுங்கியிருந்தபோது ஒரு கதை சொன்னார். “ஒருக்கா அம்மன் கோயிலில, இவன் எனக்கு முதல் போயிட வேணும் எண்டு கும்பிட்டிட்டன் அண்ணை. வீட்டை வந்தா, நான் வரும்வரைக்கும் சோத்தைத் தொடாம இருக்கிறான். அயல் பிள்ளை தீத்தியும் வாய் திறக்கேல்லையாம். சனம் நினைக்குது இவன்தான் கதிரைக்குள்ள இருக்கிறான், நான் பின்னால சும்மா நடந்து திரியிறன் எண்டு. ரெண்டு பேரும் ஒரே கதிரையிலதான்.” சொல்லிவிட்டு மழையைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, ஒரு ட்யூபைத் தண்ணீருக்குள் அமத்தி ஓட்டை தேடினேன்.

அந்த நேரம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “மோகனை இஞ்ச விட்டிட்டுப் போய் உங்கட அலுவலைப் பாருங்கோ பிள்ளை.” எட்டு வருடம் என் பிள்ளையை அவர் குளிப்பாட்டினார். அவனை எப்படித் தூக்குவது என்று தெரிந்த ஆள் நான். ஒருநாள், ஒரு கிழமை, நாலு நாள் வாட்டில் நிற்கிற அளவுக்கு அவனை நான் பார்த்திருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. அவர் எப்போதும் கதிரைக்குப் பின்னால்தான் நிற்பார் என்று நான் பழகிவிட்டேன். நெஞ்சு நோவை என்னிடம் சொன்னதும் இல்லை. சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது கலா பள்ளிக்கூடம் போகிற நாட்களில் மோகன் என் வீட்டில் இருக்கிறான். தாய்மார் கூட்டத்தில் முறை போட்டு ஒவ்வொருவராக உதவிக்கு வருகிறார்கள். அவன் இப்போது கொஞ்சம் கொஞ்சம் வாய் திறக்கிறான். ஆனால் படலைப் பக்கம் கதிரையைத் திருப்பி வைத்தால்தான் சாப்பிடுவான்.

திலகத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். கூட்டத்துக்கு வருகிற தாய்மாரிடம் அவர் முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்கமாட்டார். “நீங்கள் கடைசியா எப்ப தனிய வெளியில போனனீங்கள்?” என்றுதான் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கணக்குப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கேள்வியைத் திலகத்திடம் ஒருவரும் கேட்டதில்லை.

போன கிழமை ஒரு இளம் பெண் சக்கரக் கதிரை ஒன்றைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். அதில் ஏழு வயது மகள். டயரில் காற்று இல்லை. அடித்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “பிள்ளை இஞ்ச நிக்கட்டும், எனக்குப் பாக்கத் தெரியும். ஒரு மணித்தியாலம் எங்கயாவது போயிட்டு வாங்கோ” என்றேன். மகளை நான் தூக்கி இருத்துவதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

ஒழுங்கை முடிகிற சந்திவரை போனார். அங்கே நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். திரும்பி வந்துவிடுவாரோ என்று நினைத்தேன். எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

“ஒரு இடமும் போக வேண்டாம் பிள்ளை!” என்று இங்கிருந்து சத்தம் போட்டேன். “சும்மா நடவுங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்.”

அவர் கடல் பக்கமாகத் திரும்பி நடந்தார். வெறுங்கையோடுதான் நடந்தார். ஆனால் இரண்டு கையும் கதிரையைத் தள்ளுகிற மாதிரியே முன்னால் நீண்டிருந்தன.